கதண்டு கொட்டி மயங்கினால் அவில் போதுமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தென்னந்தோப்பில் மட்டை இழுத்துக்கொண்டிருந்த அவருடைய அப்பாவை, வயது 58, கதண்டு என்கிற பெரிய குளவி ஒன்று கழுத்தில் கொட்டியிருக்கிறது. 10 நிமிடத்துக்குள் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பெடுத்து, உடம்பெல்லாம் தடித்து, இரண்டு முறை வாந்தி எடுத்து, "எனக்கு என்னமோ பண்ணுதுடா" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துவிட்டார். பைக்கில் நடுவே உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, 6 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிளினிக்குக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வழியிலேயே தலை தொங்கிவிட்டது. அங்கே அரிப்புக்கான அவிலும் ஸ்டீராய்டான டெக்ஸாவும் ஊசி போட்டு, ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றி, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவு 11 மணிக்கு மறுபடி தடிப்பும் இருமலும் வந்து, தானாக அடங்கியிருக்கிறது. இது விஷம் ஏறியதா, ஒவ்வாமையா? மறுபடி கொட்டினால் என்ன செய்வது? வீட்டில் அவில் மாத்திரை வாங்கி வைத்தால் போதுமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

தம்பி, அப்பா பிழைத்துக்கொண்டார், அது பெரிய விஷயம். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் 26 வருடம் செவிலியராக இருந்தவள் நான். அப்பாவுக்கு வந்தது தீவிர ஒவ்வாமை, மருத்துவர்கள் அனஃபிலாக்சிஸ் என்பார்கள். அதற்கு முதல் மருந்து அவில் அல்ல, டெக்ஸாவும் அல்ல. தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அன்றைக்கு அவருக்கு அது கிடைக்கவில்லை. இனி ஒருமுறை இப்படி நடந்தால் அது கிடைத்தே ஆக வேண்டும். நான் எழுதப்போவது முழுக்க அதற்காகத்தான்.

விஷமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஒரே ஒரு கதண்டின் கொடுக்கில் இருக்கும் விஷம் பெரிய ஆளைச் சாய்க்கிற அளவுக்குப் போதாது. கொட்டிய இடம் வீங்கும், நெருப்பு வைத்த மாதிரி எரியும், 2 நாள் வலிக்கும், அவ்வளவுதான். ஒரு கொட்டுக்கு உடம்பு முழுவதும் தடித்து, வாந்தியும் மயக்கமும் வந்தால் அது விஷத்தின் அளவால் வந்ததில்லை, அந்த விஷத்துக்கு உடம்பு காட்டிய எதிர்ப்பால் வந்தது. கூடு கலைந்து முப்பது நாற்பது கதண்டுகள் சேர்ந்து கொட்டுவது வேறு கதை. அங்கே விஷமே ஆபத்து. தசைகள் சிதையும், ரத்த அணுக்கள் உடையும், சிறுநீரகம் அடைபடும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் கறுத்துப் போகும். அப்படிக் கொட்டு வாங்கியவர் முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனையில் இருக்க வேண்டும். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகிற செய்தி அடிக்கடி வருகிறதே, அங்கே இரண்டும் கலந்து வரலாம். சிலருக்கு நூறு கொட்டின் விஷம், சிலருக்கு ஒரே கொட்டின் ஒவ்வாமை.

"எங்கப்பாவை இதுக்கு முன்னாடி பத்துத் தடவையாவது கொட்டியிருக்கும், ஒண்ணுமே ஆனதில்லையே" என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தச் சந்தேகத்துக்கு நூற்றாண்டைத் தாண்டிய வயது. பிரான்சில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு அறிவியலாளர்கள் கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்தார்கள். பழகப் பழக நாய்கள் விஷத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பது அவர்களுடைய எண்ணம். நடந்தது நேர்மாறு. முதல் ஊசியைத் தாங்கிக்கொண்ட நாய் ஒன்று, சில வாரங்கள் கழித்து அதே மருந்தைப் போட்டதும் அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. காப்பு என்பதற்கு எதிரானது என்ற பொருளில் 1902இல் அவர்கள் இட்ட பெயர்தான் அனஃபிலாக்சிஸ். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்பு கொட்டியபோது உடம்பு அந்த விஷத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயார் செய்து வைத்திருக்கும். அடுத்த கொட்டுக்காக அது காத்திருக்கும். அதனால் "நமக்குப் பழகிப்போச்சு" என்கிற தைரியம் இதில் செல்லாது. இறாலும் அப்படித்தான், ஊசி மருந்தும் அப்படித்தான். 20 வருடமாகச் சாப்பிட்ட பண்டம் ஒரு நாள் சேராமல் போகும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் தோலில்தான் தொடங்கும். உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், தொடையிடுக்கு, காது மடல் என்று கொட்டிய இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் அரிப்பு எடுக்கும். முகம் சிவக்கும். திட்டுத் திட்டாகத் தடிக்கும். நம் ஊரில் இதைக் காணாக்கடி என்பார்கள், கடித்தது எதுவென்று காணாத கடி. வெறும் காணாக்கடியோடு நின்றுவிட்டால் பயமில்லை, அதற்கு அவில் போதும். அது தோலைத் தாண்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். குரல் மாறுகிறதா, தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி அடிக்கடி செருமுகிறாரா, எச்சில் விழுங்கத் தடுமாறுகிறாரா, நாக்கும் உதடும் தடித்துப் பேச்சு குழறுகிறதா, இருமலோ இழுப்போ வருகிறதா, வயிற்றைப் பிசைந்து வாந்தியோ பேதியோ ஆகிறதா, கண் இருட்டுகிறதா என்று பாருங்கள். தடிப்போடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலே அது தீவிர ஒவ்வாமைதான். இரண்டாவது அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் அப்பா சொன்னாரே, "என்னமோ பண்ணுது" என்று, அதை நான் தனி அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன். ரத்த அழுத்தம் சரிகிற நேரத்தில் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற உணர்வு நோயாளிக்கு வரும். மருத்துவப் புத்தகங்களிலும் அது இருக்கிறது. நம் ஆட்கள் அதைச் சொல்லும் வார்த்தை இதுதான். ஊசி போட்ட பிறகோ, எதையாவது சாப்பிட்ட பிறகோ, பூச்சி கொட்டிய பிறகோ ஒருவர் இப்படிச் சொன்னால் "சும்மா பயப்படாதீங்க" என்று அடக்காதீர்கள். உடனே படுக்க வையுங்கள், நாடியைப் பாருங்கள். பேசத் தெரியாத குழந்தைகளிடம் இது வேறு விதமாக வெளிப்படும். ஓடி விளையாடிய பிள்ளை திடீரென்று துவண்டு அம்மா தோளில் சாயும், நாக்கைக் கையால் தேய்க்கும், காதைப் பிடித்து இழுக்கும், கரகரத்து அழும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பத்தில் ஒருவர் இருவருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது. தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை, நேரே மூச்சுத்திணறல் அல்லது நேரே மயக்கம். கொட்டிய சில நிமிடத்தில் ஒருவர் விழுந்துவிட்டால், தடிப்பு இல்லையே என்பதற்காக இதை ஒதுக்கிவிடக் கூடாது. பயத்தில் வரும் சாதாரண மயக்கத்தில் ஆள் வெளிறிப்போவார், நாடி மெதுவாக ஓடும், படுக்க வைத்த ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார். தீவிர ஒவ்வாமையில் நாடி பெரும்பாலும் வேகமாகவும் மெலிந்தும் ஓடும், படுத்தாலும் சீக்கிரம் தெளியாது. மீன் விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் விட்டால் அதிலேயே ஹிஸ்டமின் ஊறிவிடும். சமைத்தாலும் போகாது. அதைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, தலை வலித்து, அசல் ஒவ்வாமை மாதிரியே இருக்கும். ஒரே குழம்பு சாப்பிட்ட நான்கு பேருக்கும் ஒன்றாக வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஆனால் இந்த ஆராய்ச்சியெல்லாம் பிறகு. ஆள் மூச்சுக்குத் தவிக்கும்போது எதுவென்று தெரியாவிட்டால் ஒவ்வாமை என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

இப்போது அவில். அந்த மருந்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அரிப்புக்கு நல்ல மருந்து. ஆனால் உடம்புக்குள் நடப்பதைப் பாருங்கள். மாஸ்ட் செல்கள் என்று தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் காவலுக்கு நிற்கும் செல்கள், தமக்குள் சேர்த்து வைத்திருந்த ரசாயனங்களை ஒரே நேரத்தில் கொட்டிவிடுகின்றன. ஹிஸ்டமின் அவற்றில் ஒன்று மட்டுமே. ரத்தக் குழாய்கள் விரிந்து ஓட்டை விழுந்த மாதிரி ஆகி, 10 நிமிடத்துக்குள் ரத்த ஓட்டத்திலுள்ள நீரில் மூன்றில் ஒரு பங்குகூட வெளியே கசிந்துவிடலாம். ஒரு சொட்டு ரத்தம் வெளியே தெரியாது, ஆனால் பெரிய விபத்தில் ரத்தம் இழந்தவர் நிலைதான் அவருக்கும். மூச்சுக்குழாய் சுருங்கும், தொண்டை வீங்கும். அவில் இதில் ஹிஸ்டமினை மட்டும் மறிக்கும். கசிவை நிறுத்தாது, சரிந்த அழுத்தத்தை ஏற்றாது, அடைத்த மூச்சுக்குழாயைத் திறக்காது. டெக்ஸா, எஃப்கார்லின் மாதிரி ஸ்டீராய்டு ஊசிகள் வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். அட்ரினலின் ஒன்றுதான் குழாய்களை இறுக்கி, மூச்சுக்குழாயை விரித்து, இதயத்தை உந்தி, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டாமலும் தடுக்கிறது.

இதற்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு நல்ல சான்று இருக்கிறது. பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறதே, அவர்கள் எடுத்துத் தரும் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தித்தான் அந்த மருந்தைச் செய்கிறார்கள். குதிரைப் புரதம் என்பதால் போடும்போது பலருக்குக் கடும் எதிர்வினை வரும். அதைத் தடுக்க முன்கூட்டியே எதைப் போடலாம் என்று இலங்கை மருத்துவர்கள் பாம்புக்கடி பட்ட 1,007 பேரிடம் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சிறு அளவு அட்ரினலின் கொடுத்தவர்களிடம் முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்வினை 43 சதவீதம் குறைந்தது. அவில் வகையைச் சேர்ந்த புரோமெத்தசினும், எஃப்கார்லினில் இருக்கிற ஹைட்ரோகார்டிசோனும் அப்படிக் குறைக்கவில்லை. நம் கிளினிக்குகளில் பழக்கத்தால் கை போகும் இரண்டு ஊசிகளும் இதில் தோற்றன என்பதை நான் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஏன் எல்லாரும் தயங்குகிறார்கள்? பயம்தான். அட்ரினலின் என்றால் இதயம் நின்றவருக்குப் போடும் மருந்து, இவருக்குப் போட்டால் பிரஷர் எகிறிவிடும் என்ற பயம். ரத்தக் குழாயில் மொத்தமாக ஏற்றினால் அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. தசையில் சரியான அளவில் போட்டால் கொஞ்ச நேரம் படபடப்பும் கை நடுக்கமும் இருக்கும், முகம் வெளிறும், அடங்கிவிடும். வயதானவர், இதய நோயாளி, கர்ப்பிணி என்று யாருக்கும் தீவிர ஒவ்வாமையில் இதை மறுக்கக் கூடாது. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி, ஆம்பூல் என்பார்கள். பெரியவருக்கு அதில் பாதி, அதாவது 0.5 மில்லிகிராம். குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதிகபட்சம் 0.3. போடும் இடம் தொடையின் நடுவே வெளிப்பக்கத் தசை. அவசரத்தில் துணியின் மேலேயே போடலாம். கையில் தோலுக்கடியில் போடுவது பழைய பழக்கம். கனடாவில் எஸ்டெல் சைமன்ஸ் என்ற மருத்துவர் குழந்தைகளிடம் அளந்து பார்த்தார். தொடைத் தசையில் போட்டது ரத்தத்தில் உச்சத்தை எட்ட 8 நிமிடம், தோலுக்கடியில் போட்டது 34 நிமிடம். 5 நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் இன்னொரு ஊசி போட வேண்டும். தயங்க வேண்டாம்.

நேரம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் இந்த அவசரம் புரியும். பிரிட்டனில் இப்படி இறந்தவர்களின் பதிவுகளை ரிச்சர்ட் பம்ப்ஃரி என்ற மருத்துவர் வருடக்கணக்காகத் திரட்டினார். ஒவ்வாத பொருள் உடம்புக்குள் போனதிலிருந்து மூச்சோ இதயமோ நிற்கும்வரை உணவில் சுமார் 30 நிமிடம், பூச்சிக் கொட்டில் 15 நிமிடம், ஊசி மருந்தில் 5 நிமிடம் என்று கணக்கு வந்தது. அப்பாவைக் கொட்டிய 10 நிமிடத்தில் நீங்கள் பைக்கைத் தேடிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

அந்தப் பைக் பயணத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. உங்களைக் குறை சொல்வதற்காக அல்ல, ஊரே அப்படித்தான் செய்கிறது. அழுத்தம் சரிந்தவரை நிமிர்த்தி உட்காரவைத்தால் மிச்சமிருக்கும் ரத்தமும் காலில் இறங்கிவிடும். இதயம் அடிக்கும், ஆனால் அடித்துத் தள்ள உள்ளே ரத்தம் இருக்காது. 2003இல் பம்ப்ஃரி எழுதியது இதைத்தான். படுத்திருந்தவர்களை எழுப்பி உட்காரவைத்த, நிற்கவைத்த சில நொடிகளில் உயிர் போயிருக்கிறது. நானே ஒருமுறை இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். வலிக்கு ஊசி போட்டுக்கொண்ட ஓர் அம்மா, அடிவயிறு பிசைகிறது, கழிவறைக்குப் போக வேண்டும் என்றார். அப்படித் தோன்றுவதே ஓர் அறிகுறி என்று எனக்கு அப்போது தெரியாது. கைத்தாங்கலாக எழுப்பி நடத்திக்கொண்டு போனேன். கதவருகே என் தோளிலேயே சரிந்தார். நாடி கிடைக்கவில்லை. ஓடிவந்த மூத்த சிஸ்டர் அவரைத் தரையிலேயே கிடத்தி, காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, தொடையில் அட்ரினலினைப் போட்டார். இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான் கண் திறந்தார். அதற்கப்புறம் இந்த மாதிரி நோயாளி யாரையும் நான் நடக்க விட்டதில்லை. பெட்பேன்தான்.

ஆகவே அவரைப் படுக்க வையுங்கள். தென்னை மட்டையோ பலகையோ மடித்த சாக்கோ வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு மிகவும் இழுத்து, படுக்கவே முடியாமல் போனால் மட்டும் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி உட்காரலாம். வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ பக்கவாட்டில் ஒருக்களித்து. கர்ப்பிணியாக இருந்தால் இடது பக்கம். தெளிந்த மாதிரி இருந்தாலும் எழுந்து நடக்க விடாதீர்கள். ஒருவர் அவரோடு இருக்கட்டும், இன்னொருவர் 108ஐக் கூப்பிட்டு "பூச்சி கொட்டி ஒவ்வாமை, மூச்சு வாங்குது, மயங்கிட்டார்" என்று இந்த வார்த்தைகளையே சொல்லட்டும். படுத்தபடி கொண்டுபோகலாம், ஆக்சிஜன் உண்டு, வண்டியில் வருபவர் மருத்துவரிடம் போனில் கேட்டு மருந்து கொடுக்கவும் முடியும். வண்டி வர நேரமாகும் என்றால் கார், ஆட்டோ, மினி லாரி, எதில் படுக்க வைக்க முடியுமோ அதில். மூச்சும் நாடியும் நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100இலிருந்து 120 முறை, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்திக்கொண்டே இருங்கள்.

எங்கே கொண்டுபோவது? அட்ரினலின் இருக்கும் இடத்துக்கு. பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி 40 கிலோமீட்டர் ஓடுவதற்கு முன், பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தை நினையுங்கள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் இடங்களில் ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலின் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தடுப்பூசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்களே, அது இதற்காகத்தான். ஒரு ஓய்வான நாளில் போய், இரவிலும் ஆள் இருப்பார்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். எந்த இடத்துக்குப் போனாலும், மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்: "சார், அட்ரினலின் தொடையில் போடலாமா?"

வீட்டில் என்ன வைத்துக்கொள்வது? வெளிநாடுகளில் பேனா மாதிரி ஒரு கருவி உண்டு, தொடையில் வைத்து அழுத்தினால் சரியான அளவு தானே இறங்கும். 2024இல் அமெரிக்காவில் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேக்கும் அனுமதி கிடைத்தது. நம்மூர் மருந்துக்கடையில் இவை சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஆம்பூல் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அதை உடைத்து, ஊசியில் இழுத்து, அளவு பார்த்துப் போடுவது பதற்றத்தில் எளிதல்ல. சைமன்ஸ் அதையும் அளந்தார். மருந்தை இழுத்து முடிக்கப் பெற்றோருக்குச் சராசரியாக 142 வினாடி ஆனது, அவசரப் பிரிவுச் செவிலியர்களுக்கு 29. அளவும் பெற்றோர் கையில் ஏகத்துக்கு மாறிப்போனது. அதனால் நீங்களாக வாங்கிப் பெட்டியில் போட்டுவைப்பது வழியல்ல. ஒவ்வாமை நிபுணரையோ பொது மருத்துவரையோ பார்த்து, அப்பாவுக்கு நடந்ததைச் சொல்லி, சீட்டில் எழுதி வாங்கி, யாராவது இருவர் உப்புத் தண்ணீர் ஆம்பூலில் பலமுறை பழகிக்கொள்ளுங்கள். வெயில் படாத இடத்தில் வையுங்கள். நிறம் மாறினாலோ தேதி முடிந்தாலோ மாற்றிவிடுங்கள். தோப்புக்குப் போகும்போது அது அவரோடு போக வேண்டும், பீரோவில் இருந்து பயனில்லை. அவில் மாத்திரையும் இருக்கட்டும், தோலோடு நிற்கும் அரிப்புக்கு.

சுண்ணாம்பு தடவுவது, வெங்காயம் தேய்ப்பது, வேப்பிலை அடிப்பது பற்றிக் கேட்டால், கொட்டிய இடத்து வலிக்கு எதையும் செய்துகொள்ளலாம், ஆனால் அதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தேனீயாக இருந்தால் கொடுக்கு தோலில் நிற்கும். நகத்தால் கிள்ளியோ சுரண்டியோ, எப்படியானாலும் சரி, உடனே எடுத்துவிடுங்கள், வேகம்தான் முக்கியம். கதண்டு கொடுக்கை விட்டுப் போகாது, அதுவே திரும்பத் திரும்பக் கொட்டும். அப்புறம், "பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நானும் மிளகு ரசம் வைக்கிறவள்தான். ஆனால் தொண்டை வீங்கியவருக்கு மிளகையும் வெற்றிலையையும் மெல்லக் கொடுப்பது ஆபத்து. தண்ணீர்கூட வேண்டாம், புரையேறிவிடும்.

இரவு 11 மணிக்கு மறுபடி வந்ததல்லவா, அது தற்செயலில்லை. இருபதில் ஒருவருக்கு இப்படி இரண்டாவது அலை வரும். பெரும்பாலும் சில மணி நேரத்தில், அரிதாக 3 நாள் வரைக்கும்கூட. மறுபடி எதுவும் கொட்டாமலேயே வரும், சில நேரம் முதலாவதைவிடக் கடுமையாகவும் வரும். மயங்கி விழும் அளவுக்குப் போன ஒருவரை ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்கவே கூடாது. ஒரு நாளாவது மருத்துவமனையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இனி எப்போதாவது நேர்ந்தால், எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருந்தாலும் "இன்னும் கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.

அப்பா பிரஷருக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதவில்லை. அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி "லால்" என்று முடிகிற வகை மாத்திரைகள் அட்ரினலினை முழுவீச்சில் வேலை செய்ய விடாது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றலாமா என்று அவர் பார்ப்பார். ஒவ்வாமைப் பரிசோதனை இப்போதே வேண்டாம், எதிர்வினை வந்து 4 முதல் 6 வாரம் கழித்து எடுத்தால்தான் நம்பலாம். அப்பாவின் பர்ஸில் ஒரு அட்டை இருக்கட்டும்: பெயர், "குளவி, கதண்டு கொட்டினால் தீவிர ஒவ்வாமை", என்றைக்கு வந்தது, என்ன ஆனது, சாப்பிடும் மாத்திரைகள், உங்கள் எண். ஊசி மருந்து சேராதவர்களும் மருந்தின் பெயரை இப்படி எழுதி வைக்க வேண்டும். "ஏதோ மஞ்சள் மாத்திரை" என்று சொல்லி வந்தவர்களுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் நாங்கள் விழித்திருக்கிறோம்.

உங்கள் தெருவில் இறால், நண்டு, வேர்க்கடலை, முந்திரி சேராத பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வீட்டிலும் இதைச் சொல்லுங்கள். இறாலில் ஒவ்வாமை தரும் புரதம் வேகவைத்தாலும் பொரித்தாலும் சாகாது, அதே எண்ணெயில் பொரித்த வாழைக்காய்கூட ஆபத்தாகலாம். விருந்தில் "கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று ஊட்டிவிடுவது நம் அன்பின் பழக்கம். சேராது என்று ஒருவர் சொன்னால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, தோப்பு. ஒரு கதண்டு கொட்டியிருக்கிறது என்றால் பக்கத்தில் எங்கேயோ கூடு இருக்கிறது. தென்னங்குருத்தில், பனை மட்டைக்கிடையில், வேலி மரப் பொந்தில் என்று தரையில் நின்றபடியே, தூர இருந்து பாருங்கள். கண்டுபிடித்தால் அப்பாவும் போக வேண்டாம், நீங்களும் பந்தம் கொளுத்திக்கொண்டு ஏற வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், நம் மாவட்டங்களில் இது அவர்களுக்குப் பழகிய வேலை. பெரும்பாலும் இருட்டிய பிறகு வந்து அழித்துத் தருவார்கள். அதுவரை மட்டை அங்கேயே கிடக்கட்டும்.